ஒரு சதம்

பெத்திசம் ஒன்றுக்கு இருபத்தைந்து சதம்.
முல்லைத்தீவுக் கச்சேரி வாசலில்
பூவரசின் கீழ் என் மேசை.
ஒரு கால் கட்டை, ஓட்டுத்துண்டு முட்டு.

காய்ச்சல் வருடம் அது.
தண்ணீரூற்றிலிருந்து வந்த கூடார வண்டி
முன்னும் பின்னும் சேலை கட்டி மறைத்தபடி
மாடு அவிழ்க்காமல் நின்றது.
"எழுதுறவர் நீங்கதானே? எழுதுங்க"
என்றது சேலை.

வழமைபோல் தொடங்கினேன்:
மகா கனம் பொருந்திய துரையவர்களின் சமுகத்துக்கு
மிகத் தாழ்மையுடன்

"தாழ்மை என்னத்துக்கு?"

அது வழக்கம் என்றேன்.

"கொயினாவுக்கு வரிசையில நிண்டு
எட்டுப் பொம்பளையள் வெறுங்கையோட வந்தாங்க.
ஆம்பிளையள் முடிஞ்சாப் பிறகுதான் எங்களுக்காம்.
அவங்க முடிய முதல் மருந்து முடிஞ்சிட்டு.
மூண்டு மையித்து எடுத்தம்.
இதில தாழ்மை ஆருக்கு?
வெட்டுங்க."

வெட்டினேன்.
மை காயவில்லை, அடுத்ததைச் சொன்னாள்.

வோட்டு இடாப்பு.
அதில் எங்கள் ஊர்ப் பக்கம் பார்த்திருக்கிறீர்களா?
அசனார் பெண்சாதி. மீராசா பெண்சாதி.
பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கோடு.
விதானையார் படலையில் நின்று கேட்டாராம்.
வீட்டுப் பெண்ணின் பெயரை
அந்நியன் காதில் போட
ஒரு வாப்பாவுக்கும் வாய் வரவில்லையாம்.
"நாடு எங்கட கைக்கு வரப்போகுதெண்டு
பேப்பர்ல போடுறாங்க.
பேரில்லாட்டி அது ஆரிட கை?"

(யாரோ வாசித்துச் சொல்லியிருப்பார்கள்
என்று நினைத்துக்கொண்டேன்.)

பிறகு பெயர்களைச் சொன்னாள்.
கச்சேரி முற்றத்தில், பியோன் கேட்க,
தோணிக்காரர் கேட்க, உரத்து.
சேகும்மா. மர்ஜான். மீராநாச்சி.
றாபியத்து. பல்கீசும்மா.
பதினாறு பேர்.
பதினேழாவது, அவ்வா உம்மா.
"அவ மவுத்து. எழுதுங்க."
செத்தவளுக்கு வோட்டில்லை என்றேன்.
"பேர் இருக்குத்தானே."

உங்கள் மாப்பிள்ளை அறிவாரா, மெதுவாகக் கேட்டேன்.
"வண்டி ஓட்டி வந்தது ஆரெண்டு நினைச்சீங்க?"
நுகத்தடியருகே நின்ற மனிதர்
வெற்றிலையை மறு கன்னத்துக்கு மாற்றினார்.

சுத்தப் பிரதி எடுக்கையில்
அந்தச் சொல்லைத் திரும்ப வைத்தேன்.
இருபது வருடத் தொழில்.
தாழ்மையில்லாத கடுதாசி
துரை மேசைவரை ஏறாது என்பது எனக்குத் தெரியும்.
வாசிக்கத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை.
அவளும் சொல்லவில்லை.

சேலை விலகி ஒரு கை வந்தது, பேனையைக் கேட்டது.
வலமிருந்து இடமாக அறபெழுத்தில்
இரண்டு வரிக் கையொப்பம்.
நீண்ட பெயர்போலும்.
துணி முடிச்சில் கூலி.
வண்டி போனபிறகு எண்ணினேன்:
இருபத்து நாலு.
பாவம், கணக்குத் தெரியாது.

நாற்பதாம் நாள் ஓரக்குறிப்போடு திரும்பி வந்தது.
வெள்ளி காலை பெண்களுக்குத் தனி வரிசை.
இடாப்பு விடயம் யோசிக்கப்படும்.
என் ஒற்றைச் சொல்லின் வெற்றி என்று
புடவைக்கடை நெயினாவிடம் காட்டினேன்.
அவர் கையொப்பத்தில் நின்றார்.
தமிழ்தான், எழுத்துத்தான் அறபு என்றார்.
பிறகு வாசித்தார்:

செய்னம்பு. கப்பல் மரைக்கார் மகள்.
இதில் நான் சொல்லாத சொல் ஒன்று உண்டு.
அது எழுதினவருடையது.
அதன் கூலியைப் பிடித்துக்கொண்டேன்.

நெயினா சிரிக்கவில்லை. அதற்காக
இன்றுவரை அவரிடமே துணி வாங்குகிறேன்.

மறு மாசியில் கச்சேரிக் கதவில்
இடாப்பு ஒட்டியிருந்தது.
ஆள் வர முன்னம் போய் விரல் வைத்துத் தேடினேன்.
பதினேழில் ஏழுக்குப் பெயர் வந்திருந்தது.
மற்றவர்கள் இன்னும் பெண்சாதிகள்,
செய்னம்புவும்.

ஏழில் ஒன்று அவ்வா உம்மா.
இலக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு.
மறுப்புச் சொல்ல
வீட்டில் யாரும் மிஞ்சவில்லை.